தோல் ஷாப் காத்து Vs 70 ரூபாய் மெழுகுவத்தி: ஆம்பூர் வீடுகள்ல எது ஜெயிக்கும்?

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி குறைஞ்சப்போ நம்மில் பலர் கார் விலை, டி.வி விலை, ஷாம்பு விலைன்னு ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டு இருந்தோம். அந்த நீளமான பட்டியல்ல யாரும் பெருசா கண்டுக்காத ஒரு வரி மெழுகுவத்தி. 12 சதவிகிதத்துலேருந்து 5 சதவிகிதத்துக்கு இறங்குச்சு. அதே நாள்ல 2,500 ரூபாய் வரைக்குமான செருப்பு, ஷூவும் 5 சதவிகிதத்துக்குள்ள வந்துச்சு. மத்த ஊர்க்காரங்களுக்கு இது ரெண்டும் சம்பந்தமில்லாத ரெண்டு பொருள். ஆனா ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்தங்கரை ஓரமா நீளுற தோல் ஊர்கள்ல ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கு. ஷூ அந்த வீட்டோட சம்பளம். மெழுகுவத்தி அந்த வீட்டோட ஜன்னல் ஓரம்.

சம்பளப் பக்கம் அந்த வருஷம் கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. ஜி.எஸ்.டி குறையறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஆகஸ்ட் 27-ம் தேதி, இந்தியப் பொருள்கள் மேல அமெரிக்கா போட்ட வரி 50 சதவிகிதத்தைத் தொட்டுச்சு. ஏற்றுமதி ஆர்டரை நம்பி மெஷின் ஓடுற ஊருக்கு இது டி.வி விவாதம் கிடையாது. ஓவர்டைம் இருக்குமா, அடுத்த மாசம் ஷிஃப்ட் குறையுமாங்கிற கேள்வி. இப்படி ஒரு நேரத்துல "வாசனை மெழுகுவத்தி" பத்தி ஒரு கட்டுரையான்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல வெள்ளை பெட்ஷீட், ஒரு காபி கப், பக்கத்துல எரியிற மெழுகுவத்தின்னு பார்க்குற பொண்ணு சென்னை அண்ணா நகர்ல மட்டும் இல்லை. ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, செருப்பைக் கழட்டி, போனைக் கையில எடுக்கிற பொண்ணும் அதே ரீலைத்தான் பார்க்குது. அந்தப் பொண்ணுக்கு வீட்டுல நல்ல வாசனை வேணும்னு ஆசைப்பட எல்லாரையும்விட அதிகக் காரணம் இருக்கு.

அந்தக் காரணத்துலேருந்து ஆரம்பிப்போம்.

ரயில் ஜன்னல் மூடுற இடம்

சென்னை - பெங்களூரு ரயில்ல ஏ.சி இல்லாத பெட்டியில போனவங்களுக்குத் தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வண்டி வரும்போது சில பேர் ஜன்னல் ஷட்டரை இறக்குவாங்க. சில பேர் கர்ச்சீஃப் எடுப்பாங்க. ஊர்க்காரங்க மட்டும் எதுவும் நடக்காத மாதிரி பையை எடுத்துக்கிட்டு இறங்கத் தயாராவாங்க. அவங்களுக்கு மூக்கு இல்லாம இல்லை. ஒரே வாசம் தொடர்ந்து வந்தா மூளை அதைக் கணக்குல எடுக்கிறதை நிறுத்திடும். நம்ம வீட்டு வாசம் நமக்குத் தெரியாம, வர்ற விருந்தாளிக்கு மட்டும் தெரியுதே, அதே கதைதான்.

அந்த வாசம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் மெழுகுவத்தியால அதை என்ன பண்ண முடியும்னு பேச முடியும். தோல் ஷாப்புக்கு வர்ற பச்சைத்தோல் உப்புல ஊறி வரும். அதைத் தண்ணியில ஊறவெச்சு, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை நீக்குவாங்க. அப்புறம் ஒட்டியிருக்கிற சதையைச் சீவி எடுப்பாங்க. சுண்ணாம்பை வெளியேத்த அம்மோனியம் உப்பு போடுவாங்க. அந்தக் கட்டத்துல கண்ணுல குத்துற அம்மோனியா வரும். அடுத்து ஆசிட்ல போட்டு எடுத்து, குரோமியம் உப்புல பதப்படுத்துவாங்க. சல்ஃபைடு கலந்த கழிவுத்தண்ணியும் ஆசிட் கலந்த கழிவுத்தண்ணியும் ஒரே கால்வாய்லயோ தொட்டியிலயோ சந்திச்சா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகின முட்டை நாத்தம்னு நாம சொல்றது இதைத்தான். சீவி எடுத்த சதைக் கழிவு வெயில்ல கிடந்தா அது தனி ராகம்.

எல்லா காலத்துலயும் இப்படித்தான் இருந்துச்சான்னா, இல்லை. ஒரு காலத்துல இந்த ஊர்கள்ல தோலைப் பதப்படுத்தினது ஆவாரம் பட்டையில. வாரக்கணக்குல குழியில ஊறும். அப்பவும் பச்சைத்தோல் நாத்தம் இருந்திருக்கும், ஆனா அதோட மரப்பட்டை வாசமும் சேர்ந்து வந்திருக்கும். 1970-களில் பச்சைத்தோலையும் பாதி பதப்படுத்தின தோலையும் ஏற்றுமதி பண்றதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலும் தோல் பொருளும்தான் வெளியே போகணும்னு தள்ளுச்சு. வேலைவாய்ப்புக்கு அது நல்லது. வேகமா முடிக்க குரோம் முறை பரவுச்சு. வாரக்கணக்கு வேலை ஓரிரு நாள்ல முடிஞ்சது. பாலாறு என்ன ஆச்சுன்னு அந்தப் பக்கத்துக் கிணறுகளைக் கேட்டா தெரியும்.

"லெதர்" வாசனைக்குக் காசு கொடுக்கிறவங்க

இங்கேதான் எனக்கு சிரிப்பு வர்ற ஒரு விஷயம். வெளிநாட்டு பிராண்டுகள்ல விலை கூடின வாசனை மெழுகுவத்தி எடுத்துப் பாருங்க. லாவண்டர், வெனிலா பக்கத்துல "லெதர்"னு ஒரு வகை இருக்கும். பழைய லைப்ரரி, தோல் நாற்காலி, பணக்கார வீட்டு வாசம்னு விவரம் போட்டிருப்பாங்க. ஆம்பூர்ல யார்கிட்டயாவது அதைக் காமிச்சா என்ன சொல்வாங்கன்னு யோசிச்சுக்கோங்க. உண்மையில அந்தப் புட்டிக்குள்ள தோலே கிடையாது. பிர்ச் மரத்துத் தார், சில செயற்கை வேதிப்பொருள்கள்னு சேர்த்து உருவாக்குற வாசனை அது. பதப்படுத்தி, பாலிஷ் போட்டு, கடைக்கு வந்து சேர்ந்த ஷூவோட வாசத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, அதுக்கு முன்னாடி நடந்த எல்லாத்தையும் வெட்டிட்ட வாசனை.

வாசனைத் தொழிலுக்கும் தோலுக்கும் உறவு ரொம்பப் பழசு. உலகத்தோட பெர்ஃபியூம் தலைநகரம்னு சொல்ற பிரான்ஸோட கிராஸ் நகரம் ஆரம்பத்துல தோல் பதனிடுற ஊர்தான். அங்கே செஞ்ச கையுறையில நாத்தம் போகலைன்னு பூக்களோட வாசனையை ஏத்த ஆரம்பிச்சாங்க. 16-ம் நூற்றாண்டுல வாசனைக் கையுறை பெரிய ஃபேஷன் ஆச்சு. அப்புறம் தோல் தொழில் மெதுவா மங்கிப்போய், மல்லியும் ரோஜாவும் மிஞ்சுச்சு. 2018-ல அந்த ஊரோட வாசனைக் கலையை யுனெஸ்கோ தன்னோட பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. நம்ம நாட்டு கன்னோஜ்ல இன்னொரு உறவு. அங்கே காய்ச்சி எடுக்கிற அத்தரை "குப்பி"ங்கிற தோல் புட்டியில ஊத்தி வைப்பாங்க. அத்தர்ல மிச்சமிருக்கிற ஈரம் தோல் வழியா வெளியேறிடும், வாசனை உள்ளேயே நிக்கும்.

நம்ம பக்கமும் வாசனைக்குப் பஞ்சமில்லை. திருப்பத்தூர்ல வனத்துறையோட சந்தனக் கிடங்கு இருக்கு. பக்கத்துலயே ஜவ்வாது மலை, அங்கே தேன் எடுக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பள்ளிவாசல் தெருக்கள்ல சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டியில அத்தர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுல சாம்பிராணி, அடுத்த வீட்டுல ஊது. மெழுகுவத்தி மட்டும்தான் புதுசா வந்த விருந்தாளி. கரன்ட் போனா, சர்ச்சுக்குப் போனா, கல்லறைத் திருநாள் வந்தா, பிறந்தநாள் கேக் வெட்டினா... இதுக்கு மேல நம்ம வீடுகள்ல மெழுகுவத்திக்கு வேலை இல்லாம இருந்துச்சு. இப்போ சும்மா ஒரு நிம்மதிக்காக ஏத்துறோம். அதுல தப்பே இல்லை.

மெழுகுவத்தியால என்ன முடியாது?

முதல்ல ஒரு விஷயத்தை நேரா சொல்லிடறேன். வாசனை மெழுகுவத்தி காத்தைச் சுத்தம் பண்ணாது. கெட்ட வாசத்தை எரிச்சுடும், உறிஞ்சிடும்னு யாராவது வித்தா நம்பாதீங்க. அது பண்றது ஒண்ணே ஒண்ணு. இன்னொரு வாசத்தைக் கூடுதலா காத்துல கலக்குது. நம்ம மூக்கு புதுசா வந்ததைக் கவனிக்குது. நாத்தம் அங்கேயேதான் இருக்கும்.

சாதாரண ஊர்ல இது பெரிய பிரச்னை இல்லை. மீன் வறுத்த வாசம் மறையணும்னா மறையட்டும். தோல் ஊர்ல விஷயம் வேற. ஹைட்ரஜன் சல்ஃபைடை நம்ம மூக்கு ரொம்பக் குறைஞ்ச அளவுலயே கண்டுபிடிச்சுடும். 1 பி.பி.எம்-க்கும் கீழேயே, அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு கூட இல்லாதப்பவே, நாத்தம் தெரியும். அது ஒரு நல்ல அலாரம். ஆனா 100 பி.பி.எம் பக்கம் போனா மூக்கே மரத்துப்போகும். வாசம் திடீர்னு நின்னுடும், வாயு மட்டும் இருக்கும். கழிவுத்தொட்டிக்குள்ள இறங்குறவங்களுக்கு ஆபத்து வர்றது இப்படித்தான். வீட்டு ஜன்னல்ல வர்ற காத்துல அந்த அளவு இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனா "வாசம் தெரியலைன்னா பிரச்னை இல்லை"ங்கிற கணக்கு இந்த வாயு விஷயத்துல வேலை செய்யாதுங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம். சமையல் கேஸ் சிலிண்டர்ல இருக்கிற எல்.பி.ஜி-க்குச் சொந்தமா பெருசா வாசம் கிடையாது. லீக் ஆனா தெரியணும்னு மெர்காப்டன்ங்கிற பொருளைக் கலக்குறாங்க. அதுவும் கந்தகக் குடும்பம்தான். தோல் ஷாப் காத்துல வர்ற நாத்தமும் கந்தகக் குடும்பம். ராத்திரி திடீர்னு ஒரு நாத்தம் வருது, "இன்னைக்குக் காத்து இந்தப் பக்கம் அடிக்குது போல"ன்னு நினைச்சு, மெழுகுவத்தி ஏத்த தீக்குச்சியைக் கிழிக்கிறீங்க. அந்த நாத்தம் அடுப்பங்கரையிலேருந்து வந்திருந்தா? அதனால இந்த ஊர்கள்ல இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விதி. நாத்தத்தை மறைக்கிறதுக்காகத் தீக்குச்சி கிழிக்காதீங்க. முதல்ல ரெகுலேட்டரை மூடுங்க, அடுப்புப் பக்கம் போய் மோந்து பாருங்க, ஜன்னலைத் திறங்க. சிலிண்டர்னு சந்தேகம் வந்தா லைட் சுவிட்சைக்கூடத் தொடாம வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க. எல்.பி.ஜி கசிவுக்கான எண் அது.

பலர் பண்ற இன்னொரு காரியம், நாத்தம் வரும்போது ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடிட்டு, உள்ளே மெழுகுவத்தி ஏத்துறது. மனசுக்கு ஓ.கே, நுரையீரலுக்கு இல்லை. எந்த மெழுகா இருந்தாலும் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத கரித்துகளும் சில ஆவிகளும் வெளியே வரும். பெரிய அறையில ஒண்ணு எரிஞ்சா பரவாயில்லை. பத்துக்குப் பத்து அறையில, ஜன்னல் மூடி, மூணு பேர் படுத்திருக்கும்போது அது தேவையா? வீட்டுல ஆஸ்துமா இருக்கிறவங்க, கைக்குழந்தை இருந்தா இந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். "அப்போ ஊதுபத்தி ஏத்திக்கிறேன்"னா, அது இன்னும் மோசம். ஊதுபத்தி, கம்ப்யூட்டர் சாம்பிராணியோட புகை மெழுகுவத்தியைவிட அதிகத் துகளை விடும்.

என் யோசனை, வழக்கமா எல்லாரும் பண்றதுக்கு நேர் எதிரா பண்ணிப் பாருங்க. காத்து நல்லா இருக்கிற நேரத்துல ஜன்னலைத் திறந்து அறையைக் காலி பண்ணுங்க. அப்புறம் ஒரு மணி நேரம் மெழுகுவத்தி. நாத்தம் அடிக்கிற நேரத்துல ஏத்தாதீங்க. அப்போ ஏத்தினா இன்னொரு சிக்கலும் இருக்கு. இனிப்பான வெனிலா, கனமான மல்லி இதெல்லாம் தோல் ஷாப் காத்தோட சேர்ந்தா வர்ற கலவை தாங்க முடியாது. மல்லிகைக்குள்ளேயே இண்டோல்னு ஒரு பொருள் இருக்கு. கொஞ்சமா இருந்தா பூ வாசம், கூடிப்போனா மிருகக் கொட்டகை வாசம். இந்த ஊர்களுக்கு என் ஓட்டு லெமன்கிராஸ், வெட்டிவேர், யூகலிப்டஸ் மாதிரி மெலிசான, கூர்மையான வாசனைகளுக்குத்தான். (பிரியாணி வாசனை மெழுகுவத்தி வருமான்னு ஒரு நண்பர் கேட்டார். ஆம்பூர்ல அதுக்குத் தேவையே இல்லை, தெருவுல நடந்தாலே போதும்.)

நாத்தத்துக்கு யார் பில் கட்டணும்?

இது வெறும் வீட்டு அலங்கார விஷயமா நின்னுடாததுக்குக் காரணம் கோர்ட். "மாசு பண்றவர்தான் அதுக்கான செலவை ஏத்துக்கணும்"ங்கிற கொள்கையை இந்தியச் சட்டத்துல உறுதியா பதிச்ச தீர்ப்புகள்ல ஒண்ணு நம்ம வேலூர் வழக்குதான். வேலூர் குடிமக்கள் நலவாழ்வு மன்றம் போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு, சுத்திகரிப்பு இல்லாத ஆலைகளை மூடுறதுன்னு உத்தரவுகள். சட்டக் கல்லூரியில படிக்கிற உங்க நண்பர்கிட்ட "வேலூர் கேஸ்"னு சொன்னா உடனே தெரியும்.

அதுக்கப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓட ஆரம்பிச்சது. நிலைமை முன்னைவிட மாறுச்சு, முழுசா தீரலை. 2006-ல நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட், உலகத்துல ரொம்ப மாசுபட்ட 10 இடங்கள்னு ஒரு பட்டியல் போட்டப்போ செர்னோபில் பக்கத்துல ராணிப்பேட்டையும் இருந்துச்சு. அங்கே மூடிப்போன குரோமியம் ரசாயன ஆலை விட்டுட்டுப்போன கழிவு மலைதான் முக்கியக் காரணம். 2015 ஜனவரி 31-ம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரி கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியோட சுவர் உடைஞ்சு, தூங்கிட்டு இருந்த தொழிலாளர்கள் மேல சேறு பாய்ஞ்சதுல 10 பேர் இறந்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துலேருந்து வேலை தேடி வந்தவங்க.

கிட்டத்தட்ட பத்து வருஷம் கழிச்சு, 2025 ஜனவரி 30-ம் தேதி, நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு பாலாறு மாசு வழக்குல மறுபடியும் கடுமையா பேசுச்சு. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துட்டு, அந்தப் பணத்தை மாசு பண்ணினவங்ககிட்டேருந்து வசூலிக்கணும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில கண்காணிப்புக் குழு வேணும். ஆறு பழைய நிலைமைக்குத் திரும்புற வரைக்கும் பொறுப்பு தொடரும். இதுதான் அதோட சாரம்.

1996-ல பிறந்த குழந்தைக்கு இப்போ சம்பளம், இன்ஸ்டா அக்கவுன்ட் எல்லாம் வந்தாச்சு. வீட்டுக்குள்ள நல்ல காத்து வர்றதுக்கு அந்தப் பொண்ணு தன் சம்பளத்துலேருந்து மெழுகுவத்தி வாங்குது. மாசு பண்றவர் செலவு ஏத்துக்கணும்னு சொன்ன ஊர்லயே, செலவு யார் தலையில விழுதுன்னு பாருங்க. தோல் தொழிலை மூடணும்னு நான் சொல்லலை. அப்படிச் சொல்றவங்க பெரும்பாலும் அந்த ஊர்ல சம்பளம் வாங்காதவங்களா இருப்பாங்க. ரெண்டு கழிவுத்தண்ணியையும் தனித்தனியா பிரிச்சு அனுப்புறது, சல்ஃபைடு அளவைக் குறைக்கிற என்சைம் முறை இதெல்லாம் தெரியாத தொழில்நுட்பம் இல்லை. 1948-லேருந்து அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. செலவு பண்ண மனசு வேணும், பண்ண வைக்க அதிகாரிங்க வேணும்.

இப்போ பட்ஜெட்டுக்கு வருவோம்

மெழுகுவத்தி வாங்கும்போது டப்பா விலையைப் பார்க்காதீங்க, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. நடுத்தரமான டப்பா மெழுகுவத்தி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5 கிராம் எரியும். 200 கிராம் மெழுகுவத்தியை 999 ரூபாய்க்கு வாங்கினா 40 மணி நேரம், அதாவது மணிக்கு 25 ரூபாய். "சீப்"னு நினைச்சு 60 கிராம் குட்டி டப்பாவை 199 ரூபாய்க்கு வாங்கினா 12 மணி நேரம்தான், மணிக்குப் பதினாறரை ரூபாய். பெருசா வித்தியாசம் இல்லை. அதனால டப்பாவுல எத்தனை கிராம்னு தேடிப் பாருங்க. எடை போடாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

வீட்டுல செஞ்சா? சோயா மெழுகு கிலோ 350 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். 100 கிராமுக்கு 35 ரூபாய். வாசனை எண்ணெய் மெழுகோட எடையில 6 முதல் 8 சதவிகிதம் போதும். 7 கிராமுக்கு 30 ரூபாய்னு வைங்க. திரி 5 ரூபாய். மொத்தம் 70. அது 20 மணி நேரம் எரிஞ்சா மணிக்கு மூணரை ரூபாய். வாசனை எண்ணெயை 15 சதவிகிதம் ஊத்தினா வாசம் ரெட்டிப்பாகாது. மெழுகு அதைப் பிடிச்சுக்காம மேலே வியர்த்து நிக்கும், திரி புகையும்.

எந்த மெழுகு வாங்குறதுங்கிறதுல வேலூர் ஆட்களுக்குத் தனிக் கணக்கு. ஊருக்கே "வெயிலூர்"னு பட்டப்பேர். மே மாசம் 40 டிகிரியைத் தாண்டுறது சாதாரணம், ஷீட் போட்ட வீட்டுக்குள்ள இன்னும் மேல. தேங்காய் மெழுகு 40 டிகிரி பக்கத்துலயே இளகிடும். அழகான வெள்ளை மெழுகுவத்தி அலமாரியிலேயே பாயசம் ஆகிடும். சோயா 45 - 50 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா அக்னி நட்சத்திரத்துல மேல்பக்கம் வியர்க்கும். பாரஃபின் கெட்டியா நிக்கும், விலையும் குறைவு. அது பெட்ரோலியத்துலேருந்து வர்றது, சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலயே தயாராகுது. சோயாதான் "சுத்தம்", பாரஃபின் "விஷம்"னு சொல்ற விளம்பரத்துல பாதி பில்டப். நல்ல திரியும் ஆடாத சுடரும் இருந்தா ரெண்டுமே ஓரளவுக்கு நல்லாதான் எரியும். கோடைக்கு பாரஃபினும் சோயாவும் பாதிப்பாதி கலந்து பண்ணுங்க. கார்த்திகை, மார்கழியில முழு சோயா. டப்பாவை ஃப்ரிட்ஜ் மேல வைக்காதீங்க, அங்கே சூடு அதிகம்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்கணும், அதுக்குள்ள இன்னொரு பாத்திரத்துல மெழுகு. நேரடியா அடுப்புல மெழுகை வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, எண்ணெய்த் தீ மாதிரி வெடிச்சுச் சிதறும். மூடியைப் போட்டு மூடுங்க. மெழுகு 75 டிகிரி பக்கம் வந்ததும் இறக்கி, வாசனை எண்ணெயை ஊத்தி ரெண்டு நிமிஷம் மெதுவா கலக்குங்க. 55 - 60 டிகிரிக்கு இறங்கினதும் டப்பாவுல ஊத்துங்க. ஒரு சாதாரண சமையல் தெர்மாமீட்டர் போதும். சோயாவா இருந்தா ஒரு வாரமாவது மூடி வைங்க, அதுக்குள்ள ஏத்தினா வாசம் சப்புன்னு இருக்கும். ரீல்ஸ்ல இந்த ஒரு வாரத்தை மட்டும் காட்ட மாட்டாங்க.

டியோடரன்ட், பாடி ஸ்ப்ரேயை மெழுகுல ஊத்துற வீடியோக்கள் சுத்துது. தயவுசெஞ்சு வேண்டாம். அதுல இருக்கிறது ஆல்கஹால், தீயோட விளையாட்டு. அத்தர் ஊத்தலாமான்னா, ஆல்கஹால் இல்லாத அத்தர்னா சில துளிகள் முயற்சி பண்ணலாம். ஆனா நல்ல அத்தரை மெழுகுல வீணாக்க எனக்கு மனசு வராது. அதுக்குப் பதிலா மேலே கிண்ணம், கீழே சின்ன டீ லைட் வைக்கிற மண் விளக்கு வாங்கி, கிண்ணத்துல தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு அத்தர் விடுங்க. மெழுகுவத்தி அரை மணி நேரத்துல செய்ற வேலையை அது பத்து நிமிஷத்துல செய்யும்.

டப்பாவுக்குத் தனியா காசு வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் மாதிரி வீட்டுல இருக்கிறதைப் பயன்படுத்தலாம். மெல்லிசான கண்ணாடி கிளாஸ் வேண்டாம், சூட்டுல விரிசல் விடும். சுட்ட மண்சட்டி மெழுகைக் குடிச்சுடும். மெருகு போட்ட பீங்கான் வகை நல்லது. காட்பாடிக்கு அந்தப்பக்கம் கரிகிரியில அப்படி மெருகேத்தின மண்பாண்டங்கள் பண்றாங்க. அங்கேருந்து ஒரு சின்னக் கிண்ணம் எடுத்துட்டு வந்தா, ஆன்லைன்ல "ஹேண்ட்மேட் செராமிக்"னு போட்டு விக்கிற எதையும் அது தோற்கடிக்கும். ஏத்தத் தீப்பெட்டி குடியாத்தத்துலேருந்தே வருது.

ஏத்தும்போது மூணு விஷயம். திரியை 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டிட்டு ஏத்துங்க, நீளமா விட்டா கரி கக்கும். முதல் தடவை மேல்பரப்பு முழுக்க உருகுற வரைக்கும் எரிய விடுங்க, இல்லைன்னா நடுவுல மட்டும் குழி விழுந்து ஓரத்து மெழுகு வீணாப் போகும். அப்புறம் ஃபேன். நம்ம ஊர்ல ஃபேன் போடாம உக்கார முடியாது, ஃபேனுக்குக் கீழே வெச்சா சுடர் ஆடி, கரி பிடிச்சு, வாசமும் வராம போகும். மூலையில, காத்து நேரா படாத இடமா பாருங்க. திரைச்சீலை பக்கம் மட்டும் வேண்டாம். தூங்குறதுக்கு முன்னாடி அணைச்சாச்சான்னு ரெண்டு தடவை பாருங்க.

யார் செஞ்சு யார் விக்கிறது?

ஆம்பூர் பக்கம் வீட்டுல உக்காந்து ஷூவோட மேல்பாகத்தைக் கையால தைக்கிற பெண்கள் ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவங்க தைச்சது ஐரோப்பியக் கடையில நிக்கும், அவங்களுக்கு ஜோடிக்குக் கிடைக்கிற கூலி சில ரூபாய்கள். பத்து ரூபாய்னே தாராளமா வெச்சுக்குவோம். 999 ரூபாய் மெழுகுவத்திக்கு 100 ஜோடி தைக்கணும்.

இவங்கள்ல சிலர் மெழுகுவத்தி செஞ்சு விக்கலாமேன்னு யோசனை வர்றது இயல்பு. யூடியூப்ல "வீட்டிலிருந்தே மாதம் 50,000"னு ஆரம்பிக்கிற வீடியோக்களை நம்பி அச்சு, எண்ணெய், கண்ணாடிக் குடுவைன்னு மொத்தமா வாங்கிடாதீங்க. செய்றது சுலபம்ங்கிறதாலயே போட்டி அதிகம். 70 ரூபாய்க்குச் செஞ்சதை 150-க்கு வித்தாலும், கூரியர், உடையாத பேக்கிங், கோடையில உருகாம போய்ச் சேர்றதுன்னு கணக்குப் போட்டா கையில நிக்கிறது கொஞ்சம்தான். முதல்ல பத்து மெழுகுவத்தி பண்ணுங்க, தெருவுல, ஃபேக்டரியில, கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட்டா வித்துப் பாருங்க. கையில வித்தா கூரியரும் இல்லை, உருகுற பயமும் இல்லை. 5 சதவிகித ஜி.எஸ்.டி உங்களுக்கு உதவுறது கொஞ்சமா இருக்கலாம், சின்ன அளவுல விக்கிறவங்க பதிவே பண்ண வேண்டியதில்லை. மெழுகு வாங்குற விலையில குறைஞ்சா அதுதான் லாபம்.

கடைசியா ஒரு காசில்லாத வேலை. உங்க போன்ல ஒரு நோட் திறங்க. நாத்தம் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், முட்டை வாசமா அம்மோனியா வாசமா, காத்து எந்தப் பக்கத்துலேருந்துன்னு ஒரு வரி போடுங்க. மெழுகுவத்தி ஏத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அது உதவும். ரெண்டு மாசத்துல எந்தக் கிழமை, எந்த நேரம் திறந்து விடறாங்கன்னு ஒரு வரிசை கண்ணுல தெரிய ஆரம்பிக்கும். வாணியம்பாடியில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட அலுவலகம் இருக்கு. "எப்பவும் நாறுது சார்"னு போய்ச் சொன்னா தலையாட்டி அனுப்பிடலாம். தெருவுல ஆறு வீட்டுக்காரங்க, ஒரே தேதி, ஒரே நேரம் எழுதின ஆறு பட்டியலோட போனா, குறைஞ்சபட்சம் மனுவுக்கு ரசீதாவது கேட்டு வாங்கிட்டு வரலாம்.